சுவரில் ஏறும் ஈரமும் சரியான கொந்தராத்துக்காரரும்

மாரி தொடங்கியதும் எமது பிரதேச வியாபாரிகள் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கின்றனர். எந்த ஓடு உடைந்திருக்கின்றது, எந்தப் பீலி அடைபட்டிருக்கின்றது என்று தேடுகின்றனர். அது நல்ல பழக்கம்தான். கூரை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், உடனே சரக்கை நகர்த்திவிடலாம். ஆனால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அப்படிக் கண்ணில் படுவதில்லை. அடியில் கிடக்கும் அரிசி மூடையைத் தூக்கும்போது, கடைசித் தட்டில் கிடக்கும் வெள்ளைத் துணிக் கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரிய வருகின்றது. அதற்குள் சரக்கு போய்விடுகின்றது.

இந்த ஈரத்தை நிறுத்துவதற்கு வருடா வருடம் எமது வியாபாரிகள் பணம் செலவு செய்கின்றனர். பெயின்ட் அடிக்கின்றனர், சாந்து பூசுகின்றனர், சுவருக்கு மாபிள் ஒட்டுகின்றனர். அடுத்த மாரியில் அதே இடத்தில் அதே ஈரம் திரும்பி வருகின்றது. அனேகமாக அந்த வேலை மோசமான வேலையாக இருப்பதில்லை. நோய் ஒன்று, கொடுத்த மருந்து வேறொன்று என்பதுதான் காரணம். எனவே ஈரத்தடுப்பு வேலைக்கு ஆள் பிடிக்கும் விடயத்தில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவற்றை இவ்வாரம் எழுதுகின்றேன்.

எமது பிரதேசத்தில் ஏன் இவ்வளவு ஈரம்?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி போன்ற ஊர்கள் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்துள்ளன. மணலுக்குள் தண்ணீர் இலகுவாக இறங்கும், அதே இலகுவில் மேலும் வரும். எமது வருடாந்த மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கின்றது. அந்த நாட்களில் வாவியும் நிறைந்து நிற்கும். முகத்துவாரம் வெட்டப்படும்வரை தாழ்ந்த இடங்களில் தண்ணீர் வடிய வழியில்லை. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வந்த வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு உயர்கின்றது என்பதை அறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் கடைக்குப் பின்னாலுள்ள கிணற்றை ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தடவையும் டிசம்பர் மாதத்தில் ஒரு தடவையும் எட்டிப் பாருங்கள். டிசம்பரில் கிணற்றுத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கின்றதோ, ஏறத்தாழ அதே மட்டத்தில்தான் உங்கள் கடையின் நிலத்துக்குக் கீழேயும் தண்ணீர் நிற்கின்றது.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல செங்கல்லிலும், சீமெந்துக் கல்லிலும், சாந்திலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் ஏறும். வழமையாக ஏறத்தாழ மூன்று அடி உயரம் வரை ஏறி நிற்கும். இதனைத் தடுப்பதற்காகவே கட்டடம் கட்டும்போது அத்திவாரத்துக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு தடுப்புப் படை இடப்படுகின்றது. மேசன்மார் இதனை ‘டி.பி.சி.’ என்பார்கள். முக்கால் அங்குலமளவில் செழுமையான சீமெந்துச் சாந்து போட்டு, அதன்மேல் இரண்டு தடவை தார் பூசி மணல் தூவுவதுதான் இலங்கையில் வழக்கமான முறை. இது வெளிநிலத்திலிருந்து ஆறு அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும்.

பல கடைகளில் இந்தப் படை இடப்படவே இல்லை. வேறு பல கடைகளில் இட்டிருந்தும் பயனற்றுப் போய்விட்டது. ஏனெனில் வீதியைத் திருத்தும்போதெல்லாம் வீதி உயர்கின்றது. முற்றத்துக்கு மண் கொட்டி கொங்கிரீட் கல் பதிக்கின்றோம், முற்றமும் உயர்கின்றது. ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன கடைக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகின்றோம். டி.பி.சி. மண்ணுக்குள் புதைந்துவிட்டால், தண்ணீர் அதனைத் தாண்டி பக்கவாட்டில் சுவருக்குள் போய்விடுகின்றது.

அத்துடன் உப்பும் சேர்ந்துகொள்கின்றது. வாவிக்கரையில் நிலத்தடித் தண்ணீரே பல இடங்களில் சவர். அந்தத் தண்ணீர் சுவரில் ஏறி, மேற்பரப்பில் காய்ந்து போகும்போது உப்பை விட்டுச் செல்கின்றது. சுவரில் வெள்ளையாகப் பூப்பதும், பெயின்ட் கொப்பளிப்பதும், பூச்சு மாவாக உதிர்வதும் இதனால்தான். சுவரில் தேங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீரின் வழியை அடைத்த பிறகும், உப்பேறிய பழைய பூச்சு சுவரில் இருக்கும்வரை மாரியில் சுவர் நனைந்தே காணப்படும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

சுவர் ஈரத்துக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நிலத்திலிருந்து ஏறுவது. சுவரின் அடியிலிருந்து தொடங்கி மூன்றடி அளவில் ஒரு வரி போட்டது போல நிற்கும். இரண்டாவது, வெளியிலிருந்து பக்கவாட்டில் வருவது. மழை பெய்த மறுநாள் கூடும், வெயில் எறித்தால் குறையும். பீலி உடைவு, சுவர் வெடிப்பு, பக்கத்துக் கூரைத் தண்ணீர் ஆகியவை இதற்குள் அடங்கும். மூன்றாவது, குழாய்க் கசிவு அல்லது மலக்குழிக் கசிவு. மழையோ வெயிலோ, ஒரே இடத்தில் ஒரே அளவில் நிற்கும். நான்காவது, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த நிலத்தில் படிவது. காற்றோட்டமில்லாமல் பூட்டிக் கிடக்கும் ஸ்டோர்களில் அதிகாலையில் நிலம் வியர்த்தது போலிருக்கும்.

நிலத்தில் காணப்படும் ஈரம் கீழிருந்து வருகின்றதா, காற்றிலிருந்து படிகின்றதா என்பதை நீங்களே பரீட்சித்துப் பார்க்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பொலித்தீன் துண்டொன்றை வெட்டி, ஸ்டோரின் நிலத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியில்லாமல் டேப்பினால் ஒட்டிவிடுங்கள். மாலையில் ஒட்டினால் மறுநாள் காலை பத்து மணிபோல் பாருங்கள். பதினாறு மணித்தியாலமாவது அது கிடக்க வேண்டும். பொலித்தீனின் அடிப்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றாலோ, கீழே நிலம் கறுத்திருந்தாலோ ஈரம் நிலத்திலிருந்து வருகின்றது. மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். அதற்கு நிலத்தை உடைக்கத் தேவையில்லை, காற்றோட்டத்துக்கு வழி செய்தாலே போதுமானது. ஸ்டோரின் இரண்டு மூன்று இடங்களில் இதைச் செய்து பாருங்கள்.

இந்தப் பரீட்சைக்குச் செலவு மிகச் சொற்பம். ஆனால் பல ஆயிரம் ரூபா வேலையின் திசையையே இது மாற்றிவிடக்கூடியது.

ஒரு புடைவைக் கடையில் நடந்தது

எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் புடைவைக் கடை வைத்திருக்கின்றார். பாடசாலைச் சீருடைத் துணிதான் அவருடைய பிரதான வியாபாரம். எமது நாட்டில் பாடசாலை வருடம் வழமையாக ஜனவரியில் தொடங்குவதால், நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே துணியை இறக்கிவிட வேண்டும். அதாவது மழை கூடிய நாட்களில்தான் ஸ்டோரில் சரக்கும் கூடுதலாக இருக்கும். அதுவும் கொழும்பு வியாபாரிக்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுத்து எடுத்த சரக்கு. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி பூஞ்சணம் பிடித்தாலும் சீருடைக்கு உதவாது. துணி பழுதாகிவிட்டது என்பதற்காக வங்கியில் காசோலையின் திகதி பின்னால் போகுமா?

அவர் மூன்று பேரை அழைத்து ஸ்டோரைக் காட்டினார். முதலாமவர் வாசலில் நின்றே பார்த்துவிட்டு, “காக்கா, ஒண்டும் யோசிக்காதீங்க. வோட்டர்புறூவ் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சா சரி. மூணு நாளையில முடிச்சுத் தாறன்” என்றார். இரண்டாமவர் நான்கு அடி உயரத்துக்கு மாபிள் ஒட்ட வேண்டுமென்று விலை சொன்னார். மூன்றாவதாக வந்தவர் வயதான ஒரு மேசன் பாஸ். அவர் விலை எதுவும் சொல்லவில்லை. முதலில் கிணற்றைப் பார்த்தார். பிறகு கடையின் பின்பக்கம் போனார். “மழை பெய்யக்குள்ள இந்தப் பக்கம் தண்ணி எங்க நிக்கிற?” என்று கேட்டார். சுவரின் அடியில் பூச்சைக் கொஞ்சம் கொத்தி, உள்ளே கல் நனைந்திருக்கின்றதா என்று பார்த்தார்.

பக்கத்துக் கட்டடத்தின் பீலி நேராக இவருடைய பின்முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த முற்றத்துக்குக் கொங்கிரீட் கல் பதித்தபோது சுவர்ப்பக்கம் சரிவு வைத்துவிட்டார்கள். கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரின் காலில் வந்து தேங்கியது. “தண்ணிக்கு வழி காட்டாம செவருக்கு என்ன பூசினாலும் நிக்காது” என்றார் அந்த பாஸ். அயல்வீட்டாருடன் பேசி பீலிக்குக் குழாய் போட்டு, முற்றத்தின் சரிவை மாற்றி, சுவரோரமாக ஒரு வடிகான் கட்டினார்கள். உப்பேறிய பூச்சைக் கொத்திவிட்டு, அடுத்த கச்சான் காலம் வரை சுவரைக் காயவிட்டு, பிறகுதான் புதிதாகப் பூசினார்கள். செலவு மாபிளுக்குச் சொன்ன விலையிலும் குறைவு.

முதல் இருவரையும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெயின்ட் அடிப்பவர் பெயின்டை விற்கின்றார், மாபிள் ஒட்டுபவர் மாபிளை விற்கின்றார். அது அவரவர் தொழில். ஆனால் தண்ணீர் வரும் வழியைச் சொன்னவர் ஒருவர்தான். வேலையைக் கொடுக்க வேண்டியது அப்படிப்பட்டவருக்குத்தான்.

இந்தப் பிரச்சினை எமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பல வீடுகள் நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி, கீழே ஆள் தவழ்ந்து போகும் அளவு இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளியில் ஈரம் சேர்ந்து மரத்தளம் உக்கிப்போவதால், அதைத் தடுப்பதையே தொழிலாகச் செய்யும் கம்பனிகள் அங்கு ஏராளம். பிரித்தானியாவில் சுவரில் துளையிட்டு இரசாயனம் செலுத்தும் கம்பனிகள், இலவசமாக வந்து பார்த்துத் தருகின்றோம் என்று சொல்லி, பீலி உடைவுக்கும் இரசாயனத்தையே மருந்தாக எழுதிக் கொடுக்கின்றன என்ற விமர்சனம் நீண்ட காலமாக இருந்து வருகின்றது. அதனால் வேலை செய்பவரிடம் காட்டுவதற்கு முன், பொருள் எதையும் விற்காத ஒரு கட்டட அளவையாளருக்குக் கட்டணம் கொடுத்துக் காரணத்தைக் கண்டறியுமாறு அங்கு பலர் ஆலோசனை கூறுகின்றனர். எமது ஊரிலும் இதனைச் செய்யலாம். அனுபவமுள்ள ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கோ, படவரைஞருக்கோ, ஓய்வுபெற்ற மேற்பார்வையாளருக்கோ ஒரு தொகை கொடுத்து, பார்த்துச் சொல்லுமாறு கேளுங்கள். பெரிய ஸ்டோராக இருந்தால் அந்தப் பணம் வீண்போகாது.

எந்த நோய்க்கு எந்த மருந்து?

கொந்தராத்துக்காரர் சொல்வது சரியா என்பதை அறிய, வேலையைப் பற்றி நமக்கும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் வெளியிலிருந்து வருமானால் பீலி, வடிகான், முற்றத்துச் சரிவு ஆகியவையே மருந்து. வெளிநிலம் கடையின் நிலமட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரோரம் உயர்ந்த மண்ணை வெட்டி அகற்றுவதே சில இடங்களில் போதுமானதாக இருக்கும்.

சுவரில் டி.பி.சி. இல்லையென்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சுவரின் அடியில் சிறிது சிறிதாகக் கல்லைக் கழற்றிப் புதிய படையைச் செருகுவது. மூன்றடி நீளத்துக்கு மேல் ஒரே தடவையில் கழற்றக் கூடாது. ஒரு துண்டு இறுகிய பின்னரே அடுத்த துண்டில் கைவைக்க வேண்டும். மற்றையது, அடி வரிசைச் சாந்தில் நான்கைந்து அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, தண்ணீரை ஏறவிடாத இரசாயனத்தைச் செலுத்துவது. செங்கல் சுவருக்கு இது பொருந்தும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் மருந்து துளைக்குள் வழிந்து போய்விடும் என்பதால் அங்கு நம்பிச் செய்ய முடியாது. உங்கள் சுவர் எந்தக் கல் என்று கேட்காமலே இரசாயனத்துக்கு விலை சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

நிலத்திலிருந்து ஈரம் வருமானால் நிலத்தை உடைத்தோ, அல்லது கதவு உயரம் இடங்கொடுத்தால் இருக்கும் நிலத்தின் மேலேயோ, 1000 கேஜ் பொலித்தீன் விரித்து அதன்மேல் கொங்கிரீட் இட வேண்டும். 1000 கேஜ் என்றால் கால் மில்லிமீற்றர் தடிப்பு. கடையில் விற்கும் மெல்லிய பொலித்தீன் சல்லி குத்திக் கிழிந்துவிடும். இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் ஓரடி மேலேற்றி ஒட்ட வேண்டும். சுவரோரம் மேலே மடித்து விடவும் வேண்டும். கொங்கிரீட் போடும் நாளில் அவசியம் கூடவே நில்லுங்கள். போட்டு முடித்த பிறகு உள்ளே பொலித்தீன் இருக்கின்றதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது.

உப்பேறிய பூச்சை ஈரவரிக்கு மேல் ஓரடி வரை கொத்தி அகற்ற வேண்டும். புதிய பூச்சுக்குக் கடல்மணலோ, சவர்த் தண்ணீரோ ஆகாது. குடிக்க உதவாத தண்ணீர் சாந்து குழைக்கவும் உதவாது. இறக்கிய மணலில் ஒரு துளியை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கும் பழைய மேசன்மாரின் வழக்கத்தைக் கேலி செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சுவரைக் காயவிடுவது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. எமது கச்சான் காற்றில் அது கொஞ்சம் விரைவாகலாம். இருந்தாலும் ஒன்பது அங்குலச் சுவரை மூன்று நாளில் காயவைக்க எவராலும் முடியாது. ஈரமான சுவரின் உட்பக்கம் தண்ணீர் புகாத பெயின்டோ மாபிளோ போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அதற்கு மேலால் இன்னும் உயரத்துக்கு ஏறும். சில காலத்தில் பெயின்டையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

யாரிடம் போவது?

சிறிய வேலைக்கு நல்ல மேசன் பாஸ் ஒருவரே போதும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. மூன்றாம் அல்லது நான்காம் மட்டம் வைத்திருக்கின்றாரா என்று கேட்கலாம். சான்றிதழ் இல்லாத நல்ல பாஸ்மாரும் உள்ளனர் என்பது உண்மை. அவர்களைப் பொறுத்தவரை செய்த வேலையே சான்றிதழ்.

பெரிய வேலையென்றால் பதிவு பெற்ற கொந்தராத்துக்காரரை நாடலாம். முன்னர் ‘இக்டாட்’ என்று அழைக்கப்பட்ட நிறுவனம், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையாக மாறியது. ‘சீடா’ என்று சொல்வது இதனைத்தான். கட்டடக் கொந்தராத்துக்காரர்களை அது தரம் பிரித்துப் பதிவு செய்கின்றது. ‘சி’ தரங்களில் இலக்கம் கூடக் கூடச் சிறிய கொந்தராத்துக்காரர் என்று அர்த்தம். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அது காலாவதியாகவில்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். இந்தத் தரம் அவர் எவ்வளவு பெரிய வேலையைத் தாங்குவார் என்பதைக் காட்டுமே தவிர, ஈரத்தடுப்பு வேலையில் கெட்டிக்காரர் என்பதைக் காட்டாது. ஆகவே பதிவு இருக்கின்றது என்பதற்காக மற்றைய விசாரணைகளை விட்டுவிட வேண்டாம்.

வேலையைக் கொடுக்க முன்னர் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

2. இரண்டு மாரியாவது கடந்த உங்கள் வேலை ஒன்றைக் காட்ட முடியுமா? போன மாதம் முடித்த வேலையைப் பார்த்துப் பயனில்லை. பார்க்கப் போகும்போது அவரை அழைத்துச் செல்லாமல், கடைக்காரருடன் நீங்கள் தனியாகப் பேசுங்கள்.

3. வேலையில் நிற்கப்போவது நீங்களா, அல்லது வேறொருவருக்குக் கைமாற்றுவீர்களா?

4. என்ன பொருள், எந்தக் கம்பனி, எத்தனை லீற்றர், எத்தனை மூடை?

5. வேலை நடக்கும்போது எமது சரக்கை எங்கே வைப்பது? எத்தனை நாள் கடை பூட்ட வேண்டும்?

6. அடுத்த மாரியில் ஈரம் திரும்பினால் என்ன செய்வீர்கள்?

முதற் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லையென்றால் மற்றைய ஐந்தையும் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்று பேரிடம் விலை எடுப்பது நல்லது. ஆனால் மூவருக்கும் ஒரே வேலையைச் சொல்ல வேண்டும். ஒருவர் பூச்சை அகற்றுவதையும் சேர்த்து விலை சொல்ல, மற்றவர் பழைய பூச்சின் மேல் பூசுவதற்கு விலை சொன்னால் இரண்டையும் ஒப்பிட முடியாது. வடிகான் எத்தனை அடி, பூச்சு எத்தனை சதுர அடி, பொலித்தீன் எத்தனை கேஜ் என்று ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூவருக்கும் கொடுங்கள். ஒருவரின் விலை மட்டும் மற்ற இருவரினதும் பாதியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதை விட்டுவிட்டார் என்று தேடிப் பாருங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள்

எமக்குள் ஒரு கூச்சம் இருக்கின்றது. கொந்தராத்துக்காரர் மச்சானாகவோ, மாமாவின் மகனாகவோ, ஒரே பள்ளிவாசல் மஹல்லாவைச் சேர்ந்தவராகவோ இருப்பார். “நமக்குள்ள என்னத்துக்கு எழுத்து?” என்று விட்டுவிடுகின்றோம். பிறகு அடுத்த மாரியில் சுவர் நனையும்போது வேலையும் கெட்டு உறவும் கெடுகின்றது. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆவது வசனத்தில் அவ்வளவு விரிவாகக் கட்டளையிடப்பட்டிருக்கும்போது, எழுதச் சொல்வது நம்பிக்கையில்லாத செயல் என்று நாம் எப்படி நினைக்க முடியும்? உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால் எழுத்துத்தான் பாதுகாப்பு.

எழுத்தில் ஈரத்துக்கான காரணம், செய்யப்போகும் வேலையின் அளவு, பொருட்களின் பெயரும் தரமும், தொடங்கும் முடியும் திகதிகள், மொத்தத் தொகை, கூடுதல் வேலை வந்தால் என்ன விலை, குப்பையை அகற்றுவது யார், உத்தரவாதம் எவ்வளவு காலம் என்பன இருக்க வேண்டும். இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்க முன்னரும், நடக்கும்போதும், முடிந்த பின்னரும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

உத்தரவாத விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மார்ச் மாதம் வேலையை முடித்து ஆறு மாத உத்தரவாதம் தந்தால், அது செப்டெம்பரில் முடிந்துவிடும். அந்த ஆறு மாதமும் வெயில். ஒரு சொட்டு மழைக்கும் அந்த உத்தரவாதம் முகங்கொடுக்கவில்லை. எனவே மாதக் கணக்கில் எழுதாமல், அடுத்த பெப்ரவரி முடியும்வரை என்று திகதி குறிப்பிட்டு எழுதுங்கள். இரண்டு மாரிக்குத் தருவாரென்றால் இன்னும் நல்லது. “ஈரம் வந்தால் பார்த்துத் தருவோம்” என்பதும் உத்தரவாதம் ஆகாது. எத்தனை நாளில் வருவார், எதைத் தன் செலவில் திருத்துவார் என்று குறிப்பிடப்பட வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை

அரசாங்க வேலைகளில் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பின்னர் விடுவிக்கின்றனர். எமது சிறிய வேலைக்கும் அதே முறை பொருந்தும். உதாரணமாக மூன்று இலட்சம் ரூபா வேலை என்று வைத்துக்கொள்வோம். பொருள் வாங்குவதற்கு 75,000 முற்பணம். வடிகானும் டி.பி.சி. வேலையும் முடிந்து நீங்கள் பார்த்த பின்னர் 1,05,000. சுவர் காய்ந்து பூச்சு முடிந்ததும் 90,000. மிகுதி 30,000 அடுத்த மாரி கடந்த பின்னர். இந்தப் பத்து வீதம் உங்கள் கையில் இருந்தால்தான் மாரியில் அழைக்கும்போது தொலைபேசிக்குப் பதில் வரும்.

பொருளைக் கொந்தராத்துக்காரர் வாங்குவாரானால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். இயலுமானால் பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் பேசலாம். ஆனால் அப்படிச் செய்தால் பொருளின் தரத்துக்கு நீங்களே பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த முறை கொந்தராத்துக்காரருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். கட்டம் முடிந்ததும் அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பதன் அவசியத்தை வலியுறுத்தும் ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். பிடிப்புப் பணத்தையும், வேலை சரியாக இருந்தால் சொன்ன திகதியில் கொடுத்துவிட வேண்டும். “கடை ஓடல்ல, அடுத்த மாசம் பாப்பம்” என்று இழுத்தடிக்கும் வியாபாரிக்கு நல்ல பாஸ் இரண்டாம் தடவை வரமாட்டார். எமது ஊர்களில் நல்ல பாஸ்மாருக்கு வேலை குறைவில்லை, அவர்களும் ஆளைப் பார்த்துத்தான் வருகின்றனர்.

தகராறு வந்தால்

முதலில் எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் பேசுங்கள். சரிவராவிட்டால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகளில் சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்த்துக்கொள்ள முடியும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருட்களை மட்டுமன்றி சேவைகளையும் உள்ளடக்குகின்றது. அதன் அவசர இலக்கம் 1977. எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது எழுத்தும் பற்றுச்சீட்டும்தான்.

எப்போது தொடங்குவது?

ஈரத்தின் காரணத்தைத் தேடுவதற்குச் சிறந்த காலம் மாரி. தண்ணீர் ஓடும்போதுதான் அதன் வழி தெரியும். மழை பெய்யும்போது ஒரு குடையை எடுத்துக்கொண்டு கடையைச் சுற்றி நடந்து பாருங்கள், தண்ணீர் தேங்கும் இடங்களைப் படமெடுங்கள், சுவரில் ஈரவரியைப் பென்சிலால் கோடிட்டுத் திகதியும் எழுதுங்கள். வேலை செய்வதற்குச் சிறந்த காலம் கச்சான் வீசும் மாதங்கள். மே மாதத்துக்கு முன் கொந்தராத்துக்காரரைப் பேசி முடித்தால், சுவர் காய்வதற்கு அவகாசம் கிடைக்கும். ஒக்டோபரில் ஓடித் திரிபவருக்கு பெயின்ட் அடிப்பவர் மட்டுமே கிடைப்பார்.

வேலை முடியும்வரை சரக்கையும் பாதுகாக்க வேண்டும். மூடைகளை நிலத்தில் வைக்காமல், நான்கு அங்குலமாவது உயர்ந்த மரத்தட்டில் அடுக்குங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியால் காற்றும் போகும், நீங்களும் நடந்து சுவரைப் பார்க்கலாம். நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால்தான் களஞ்சியத்தில் தாங்கும். காய்ந்த நெல்லை ஈர நிலத்தில் வைத்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். சீமெந்து விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அடிமூடை கல்லாகிவிட்டால் அதைத் திருப்பி எடுப்பவர் எவருமில்லை. பழைய மூடையை முன்னால் எடுத்து விற்றுவிட்டுப் புதியதைப் பின்னால் அடுக்குங்கள்.

இந்த மாரியில் உங்கள் ஸ்டோரின் அடித்தட்டு மூடை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். அடி நனைந்திருந்தால் அன்று மாலையே பொலித்தீன் துண்டை ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலை அது சொல்லும் பதிலைத் தெரிந்துகொண்ட பிறகு கொந்தராத்துக்காரருக்குத் தொலைபேசி எடுக்கலாம்.